புதுப்பிப்பு: வைஃபை அறிமுகப் புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றி

வைஃபை நெட்வொர்க்கிங் புதிதாகப் படிக்க எந்தப் புத்தகம் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னவற்றில் கிடைத்ததை நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

வெளியான ஆண்டைப் பார்த்து எடு என்றுதான் பலரும் சொன்னீர்கள். பாதுகாப்பு அத்தியாயத்துக்கு அது சரி. வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி குறியாக்கம் 2001-லேயே உடைபட்டது. அதைப் பரிந்துரைக்கும் புத்தகத்தை அங்கேயே மூடிவிடலாம்.

அடிப்படைக்கு ஆண்டு அவ்வளவாக உதவவில்லை. நான் இப்போது முதலில் தேடுவது ஒரே பக்கத்தை: பழைய ஈதர்நெட் கம்பியில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் வரும் மோதலைக் கண்டுபிடிக்க முடிந்ததே, வைஃபையில் ஏன் முடியாது? அனுப்பும்போது சொந்த சிக்னலே காதை அடைத்துவிடும், அடுத்தவருடைய மெல்லிய சிக்னல் கேட்காது. அதனால்தான் காத்திருந்து அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று ஒப்புகையும் வாங்குகிறது. இதைச் சொன்ன புத்தகத்தில், 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் விநாடிக்கு 11 மெகாபிட் வேகம், இந்தக் காத்திருப்பிலும் ஒப்புகையிலும் நேரம் போய், கைக்கு வரும்போது ஏன் ஏறக்குறைய பாதியாகிறது என்பதும் தானாகவே விளங்கிவிடுகிறது.

பளபள அட்டை போட்ட ஒன்றில் ரௌட்டர் செட்டிங்ஸ் படங்கள்தான் பக்கம் பக்கமாக. அந்த மாடலே இப்போது கடையில் இல்லை!

கடைசியில் 2005 வாக்கில் வந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ஐ மட்டும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.