வாடை அடிக்கிற நாளில் வா

குழு: காசிமேடு சொந்தங்கள்

ஞாயிறு

காலை 8:10
நான்: (7 படங்கள்)
நான்: இன்று மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த பருந்துப் படங்கள். ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். இது மூன்றாவது ஞாயிறு.

அம்மா: கருடனா? கன்னத்தில் போட்டுக்கொண்டாயா?

நான்: இரண்டு கையிலும் கேமரா இருந்தது அம்மா.

அத்தை: ஏழு படத்திலும் வால்தான் இருக்கிறது. இதற்கா ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தாய்?

தங்கை: முதல் நான்கும் கருடனே இல்லை அம்மா, கரும்பருந்து. வால் கவையாகப் பிளந்திருக்கிறது பார். கருடனுக்கு வால் நுனி வட்டமாக இருக்கும், தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம். கடைசி மூன்றுதான் கருடன்.

அம்மா: அப்போ அந்த மூன்றுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

அத்தை: பருந்தோ கருடனோ, எனக்கு எல்லாம் திருடன்தான். போன வாரம் அரிவாள்மனை பக்கத்தில் வைத்திருந்த முழு சங்கராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குடலைப் போட்டேன், தொடவில்லை. முழு மீன்தான் வேண்டுமாம் மகாராஜாவுக்கு.

மச்சான்: மாப்பிள்ளை, உன் செட்டிங் சொல்லு.

நான்: ஷட்டர் 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800. வாடகைக்கு எடுத்த லென்ஸ், 600 வரை போகும். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும்படி வைத்திருந்தேன்.

மச்சான்: அதில் குறை இல்லை. கருடன் தலைதான் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. பின்னால் இருட்டான கட்டடம், படகு எல்லாம் இருந்தால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தை ஏற்றிவிடும். கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறை. கரும்பருந்து வானத்துக்கு எதிரே வந்தால் நேர்மாறு, ஒரு ஸ்டாப் கூட்டு, இல்லையென்றால் வெறும் கரித்துண்டு. கல்யாணத்தில் வேட்டி கட்டிய மாப்பிள்ளையும் அரக்குப் பட்டும் பக்கத்தில் நிற்கிற மாதிரிதான். யாராவது ஒருத்தர் முகம் சுளிப்பார்.

நான்: அது சரி மச்சான். ஆனால் முகம் ஏன் ஒன்றில்கூட வரவில்லை? சூரியனுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன்.

மச்சான்: அது எனக்குத் தெரியாது. நான் படம் எடுக்கிற கல்யாண மாப்பிள்ளைகள் சொன்னால் திரும்புவார்கள்.

காலை 9:25
பெரியப்பா: (குரல் பதிவு, 2 நிமிடம்)

அம்மா: நான் திருவொற்றியூர் கோயிலில் இருக்கிறேன், கேட்க முடியாது. என்ன சொல்கிறார் அண்ணன்?

நான்: எழுதுகிறேன் இரு. பெரியப்பா சொல்வது இதுதான். பருந்தைப் பார்க்கும் முன்னால் படகில் கட்டியிருக்கிற கொடியைப் பார்க்க வேண்டுமாம். பருந்து இறக்கை அடிக்காமல் மிதக்க வேண்டும் என்றால் காற்றுக்கு எதிரே முகம் வைத்துத்தான் நிற்கும். விடியற்காலையில் கரைக்காற்று, மேற்கே இருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் பருந்து ஊரைப் பார்த்து மிதக்கும். நான் கடல் பக்கம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வால்தானே தெரியும்?

தங்கை: அப்படியென்றால் சாயந்திரம் போ. சூரியன் மேற்கே போயிருக்கும்.

பெரியப்பா: சாயந்திரம் கடல்காற்று. பருந்து கடலைப் பார்க்கும், வெயில் ஊர்ப் பக்கம். அப்போதும் அவனுக்கு வால்தான்.

அத்தை: ஹஹஹா

நான்: பெரியப்பா, ஒன்பது, பத்து மணிக்கு மேல் வட்டம் போட ஆரம்பிக்கிறதே, அப்போது எடுக்கலாமா? சுற்றி வரும்போது ஒரு பக்கமாவது முகம் காட்டுமே.

தங்கை: அப்போது தரை சூடாகி, மேலே எழும் காற்றைப் பிடித்துக்கொண்டு புள்ளியாகப் போய்விடும் அண்ணா. வெயிலும் உச்சிக்கு ஏறிவிடும், அடிச்சிறகு முழுக்க நிழல். சூரியன் தாழ்வாக இருக்கும் முதல் முக்கால் மணி நேரம்தான் அடிச்சிறகு வரை வெளிச்சம் போகும். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் கொஞ்சம் கை கொடுக்கும்.

பெரியப்பா: தங்கச்சி சொல்வது சரி. நீ வாடை, அதாவது வடக்கே இருந்து வரும் காற்று, அடிக்கிற நாளில் வா. கொஞ்சம் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, சாய்ந்த வாடையாக இருந்தால் இன்னும் நல்லது. தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் வரும். பருந்து வடக்கே பார்த்து மிதக்கும். நீ அதற்குக் கிழக்கே நின்றால் வலது கன்னம் முழுக்க வெயில்.

நான்: நாற்பது வருஷமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் படகு ஓட்டினீர்களா?

பெரியப்பா: பருந்துக்காகப் பார்க்கவில்லை. வலை விரிக்கப் பார்த்தேன். பருந்தும் கூடவே தெரிந்தது.

பெரியப்பா: இன்னொன்று. ஏப்ரல் 15க்குள் எடுத்து முடி. அப்புறம் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். மீன் வராத துறைமுகத்தில் பருந்துக்கு என்ன வேலை?

மச்சான்: நான் வேண்டுமானால் மீன் குடலை வீசுகிறேன், நீ எடு.

நான்: வேண்டாம் மச்சான். வீசினால் இறங்கி அடித்துக்கொள்ளும், மிதக்காது. எனக்கு மிதப்பதுதான் வேண்டும்.

அத்தை: வீசுகிறாராம். காசு யார் கொடுப்பது?

புதன்

காலை 5:02
பெரியப்பா: வாடை.

காலை 5:03
நான்: இன்று ஆபீஸ் இருக்கிறதே பெரியப்பா.

பெரியப்பா: காற்றுக்கு ஞாயிறு தெரியாது.

காலை 5:05
நான்: சரி வருகிறேன்.

காலை 7:38
நான்: (1 படம்)

தங்கை: ஐயோ அண்ணா!!! கண் தெரிகிறது! கண்ணுக்குள் சூரியன் ஒரு பொட்டாகத் தெரிகிறது!

மச்சான்: வெள்ளைத் தலையில் ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல. முக்கால் குறைத்தாயா?

நான்: ஒன்று குறைத்தேன். ஆறேமுக்காலுக்கு எடுத்தது. அலைத்தடுப்புக் கல் மேல் நின்றேன். காற்றில் அப்படியே தொங்கியது மச்சான், இறக்கை நுனிக் கறுப்பு மட்டும் விரல் மாதிரி லேசாக அசைந்தது. கொடி தெற்கே பறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இடம் மாறினேன். மொத்தம் 340 படம், இது ஒன்றுதான் தேறியது.

அம்மா: கருடா கருடா. இதை ஃப்ரேம் போட்டுப் பூஜை அறையில் வைக்கிறேன்.

தங்கை: காலில் மீன் வைத்திருக்கிறது, பூஜை அறையிலா?

அம்மா: கருடன் என்ன தயிர்சாதமா சாப்பிடும்?

பெரியப்பா: பின்னால் மங்கலாகத் தெரிவது நம் படகு. பெயிண்ட் உரிந்திருக்கிறது. தடைக்காலத்தில் அடிக்க வேண்டும்.

அத்தை: எல்லாரும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு வால். அது சங்கரா.

அத்தை: இன்றைக்கும் ஒன்று குறைந்தது. டேய், ஆறேமுக்கால் என்று நிச்சயமாகத் தெரியுமா?