ஹீரோவை மத்தவங்க காப்பாத்துற சீன், உதவி வேணும்

மக்களே, பாம்பன்ல இருந்து எழுதுறேன். ஆர்பிஜி மேக்கர் எம்இசட்ங்கிற கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல ஒரு கேம் பண்றேன், வாடைக்காத்துல வடகடல்ல ஹீரோவோட வல்லம் இன்ஜின் நின்னு தத்தளிக்குது, பக்கத்து வல்லத்துக்காரங்க கயிறு வீசி இழுத்துட்டு வரணும், நம்ம கடல்ல நிஜமாவே அப்படித்தானே, இந்த சீனை விட எனக்கு மனசில்ல. ஆனா விளையாடிப் பாத்த பசங்க கரெக்டா அங்கதான் நிறுத்திடுறாங்க, "நான் சும்மா வேடிக்கை பாக்கணுமா"ங்கிறாங்க.

கட்சீனை (ஆடாம வெறுமனே பாக்குற காட்சியை) சுருக்கிட்டேன், ஹீரோ தண்ணி இறைக்க பட்டன் வச்சேன், எடுபடல. 2009ல வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் கேம்ல ஹீரோ கோட்டைச் சிறையில மாட்டினா தானே தப்பிக்கலாம், இல்ல காத்திருந்தா கூட்டாளிங்க வருவாங்க, அவங்களா நாமதான் ஆடுவோம். அதே மாதிரி காப்பாத்த வர்றவங்ககிட்ட கன்ட்ரோலை மாத்துனேன், இப்ப ஹீரோவோட பயமே தெரியல. பொங்கலுக்குள்ள டெமோ விடணும்.

கன்ட்ரோலை எந்த இடத்துல கைமாத்துனா அந்தப் பயமும் இருக்கும், ஆடுறவங்களும் நிறுத்த மாட்டாங்க?