ஊராட்சித் தேர்தல்: பட்டியல் பார்க்க ஆள் வேண்டும்

வணக்கம். தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க, வார்டுக்கு 2 பேர் தேவை. சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் இதுவும் தயாராகிறது. அதில் பெயரே இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது. பெயர் பக்கத்து வார்டில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வாக்குச்சீட்டை விளக்கவும் ஆள் வேண்டும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர் என 4 பதவிக்கு 4 சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரு சீட்டில் இருவருக்கு முத்திரை விழுந்தால் செல்லாது. முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈர மை வேறு சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக இதைப் பெரியவர்களுக்குப் பொறுமையாகச் செய்துகாட்டத் தெரிந்தவர்கள் யார்? வார்டு எண்ணோடு சொல்லுங்கள்.