யோசேப்பை அனுப்பியது தேவன் என்றால், விற்றவர்களின் குற்றம் என்னவாகிறது?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில், சகோதரரால் விற்கப்பட்டு எகிப்தில் அடிமையாகி, பின்பு அங்கேயே அதிபதியான யோசேப்பின் வரலாற்றை முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். "நீங்கள் அல்ல, தேவனே என்னை இவ்விடத்துக்கு அனுப்பி" என்று அவன் சகோதரரிடம் சொல்லும் இடத்தை (ஆதியாகமம் 45:8) வாசித்தபோது, ஒரு மாணவி, "அப்படியானால் 20 வெள்ளிக்காசுக்குத் தம்பியை விற்றவர்கள்மேல் குற்றமே இல்லையா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. இதை ஆழ்ந்து படித்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சகோதரரே, 45:8ஐ மட்டும் வைத்துக்கொண்டு விடை காண இயலாது. 50:20உடன் சேர்த்து வாசியுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் சகோதரர் தீமை செய்ய "நினைத்தீர்கள்" என்றும், தேவன் அதை நன்மையாக "முடியப்பண்ணினார்" என்றும் இரு வேறு வினைகள் வருவதால், அவர்கள் கெடுத்ததைத் தேவன் பிறகு வந்து சரிசெய்தார் என்ற எண்ணம் நமக்கு எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. எபிரெய மூலத்திலோ இரண்டு இடத்திலும் "ஹாஷப்" என்ற ஒரே வினைதான் இருக்கிறது: நீங்கள் தீமையாக எண்ணினீர்கள், தேவன் நன்மையாக எண்ணினார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக்கூடாரத்தின் திரைகளில் சித்திர வேலை செய்த கைவினைஞனைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது என்பதை அறிந்த நாள்முதல், இந்த வசனத்தை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. செயல் ஒன்று, எண்ணங்கள் இரண்டு. தேவனுடைய எண்ணம் சகோதரரின் எண்ணத்தை அழித்துவிடவில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விற்பனை நடந்த 37ஆம் அதிகாரத்தில் தேவனுடைய நாமம் ஒருமுறைகூட வரவில்லை என்பதையும் வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள். சகோதரரைத் தேடிச் சீகேமின் வெளியில் வழிதவறித் திரிந்த 17 வயது யோசேப்புக்கு, பெயர் சொல்லப்படாத ஒரு மனிதன் அவர்கள் போயிருந்த தோத்தானுக்குப் போகும்படி வழிகாட்டுகிறான். அவன் அங்கே இல்லாதிருந்தால் யோசேப்பு வெறுங்கையோடு தகப்பன் இருந்த எபிரோனுக்குத் திரும்பியிருக்கக்கூடும். அதில் தேவனுடைய கரம் இருந்தது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். எனினும் சகோதரர் தள்ளிய குழிக்குள் கிடந்தவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பார்வோனுக்குமுன் நின்றபோது அவனுக்கு 30 வயது. பின்பு செழிப்பான 7 வருஷமும் பஞ்சத்தில் 2 வருஷமும் கழிகின்றன. ஆக, "தேவனே அனுப்பினார்" என்ற சொல் அவன் வாயிலிருந்து வர ஏறத்தாழ 22 வருஷம் ஆயிற்று. அதைச் சொன்னவன் பாடுபட்டவனே தவிர, விற்றவர்களில் ஒருவனும் அல்ல.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விற்றவர்களே அதைச் சொல்லியிருந்தால் அது சாக்குப்போக்காக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

மறுமொழி 3:
ஆம், சகோதரரே. யோசேப்பு கெஞ்சியதை விற்பனை நடந்த அதிகாரம் நமக்குச் சொல்வதில்லை. 42:21இல், தாங்கள் அதைக் கேட்டும் செவிகொடாமற்போனதாகச் சகோதரரே ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளும்போதுதான் நாம் அறிகிறோம். அத்தனை வருஷமும் அந்தக் குரல் அவர்கள் காதைவிட்டுப் போகவில்லை. விற்கலாம் என்று யோசனை சொன்ன சகோதரன் யூதாவே, பின்பு கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக்கிக்கொள்ளும்படி மன்றாடுகிறான். தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரித்தபின்னும், யோசேப்பு பழிவாங்குவானோ என்று அஞ்சி, "மன்னிக்க வேண்டும்" என்று ஆள் அனுப்புகிறார்கள். குற்றம் இல்லை என்று அவர்களில் எவனும் நினைக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது யோசேப்பு அழுதான் என்று 50:17 சொல்கிறது. உங்கள் மாணவியை அந்த வசனத்தை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.