பதில்: கைக்குழந்தைகளின் ‘ரிஃப்ளக்ஸ்’ – பின்னோட்டமா, எதுக்களிப்பா?

குழுவினருக்கு வணக்கம். புதுத் தாய்மார்களுக்கான நம் கையேட்டின் வரைவில், குழந்தை குடித்த பால் வயிற்றிலிருந்து மேலேறுவதை (ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளக்ஸ்’) எந்தத் தமிழ்ச் சொல்லால் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வரிகளுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கிறேன்.

> ‘இரைப்பை உணவுக்குழாய்ப் பின்னோட்டம்’ என்பதே பொருள் பிசகாத சொல். கையேட்டில் அதையே வைப்போம்.

ஐயா, பொருள் பிசகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது பிரசவமாகி இருபது நாளான, ராத்தூக்கம் இல்லாத ஒரு பெண். அவள் தன் அம்மாவிடம் “பால் எதுக்களிக்குதும்மா” என்றுதான் சொல்வாள். சொல் அங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொள்வோம்.

> கக்கல், எதுக்களிப்பு, வாந்தி மூன்றும் ஒன்றுதானே?

இல்லை அக்கா. வயிற்றில் இருப்பது உணவுக்குழாய்க்குள் ஏறினால் எதுக்களிப்பு. அது வாய்வரை வந்து கடைவாயில் வழிந்தால் கக்கல். வயிற்றுத் தசை இறுகி வேகமாக வெளியே தள்ளினால் வாந்தி. சில குழந்தைகளுக்கு ஏறிய பால் வெளியே வராமலே திரும்ப இறங்கிவிடும். அதற்கு ‘உள்ளெதுக்களிப்பு’ என்று வைக்கலாம். ‘கக்கல்’ என்று எழுதினால் இது விடுபட்டுப்போகும்.

அடுத்து, வரைவில் ‘அடைப்பிதழ்’ என்று இருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் இதழ் எதுவும் இல்லை, வளையத் தசைதான் இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பை வாய் மாதிரி இறுகித் தளரும். ‘சுருக்குத்தசை’ என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. பச்சைக் குழந்தைக்கு இந்தத் தசை முதிர்ந்திருக்காது, நேரங்கெட்ட நேரத்தில் தளரும். குடிப்பது முழுக்கத் திரவம், கிடப்பது பெரும்பாலும் படுக்கையில். அதனால் பால் எளிதாக மேலேறும். குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் கூடுதல்.

> ‘மிகைப் பால் வெளியேற்ற அனிச்சை’ – சரியா?

இதை என் தங்கையிடம் நேரில் பார்த்தேன். குழந்தை வாய் வைத்த அரை நிமிஷத்தில் பால் பீய்ச்சியடிக்கும். குழந்தை திணறி, இருமி, வாயை எடுத்துவிடும். பால் அதன் முகத்திலும் அவள் புடவையிலும் தெறிக்கும். மறுபடி அவசரமாகக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பத்தோடு தயிர் தயிராக வரும். அவள் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மேலே கிடத்திக் கொடுக்கத் தொடங்கிய பிறகு வேகம் மட்டுப்பட்டது. இதற்கு ‘பால் பாய்ச்சல்’ போதும், அதிகமானால் ‘மிகைப்பாய்ச்சல்’. அனிச்சை என்ற சொல்லை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்ற வேண்டாம்.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். வரைவின் காரணப் பட்டியலில் ‘தாய்ப்பால் ஒவ்வாமை’ என்று இருக்கிறது. தயவுசெய்து இன்றே நீக்குங்கள். ஒவ்வாதது தாயின் பால் அல்ல. தாய் சாப்பிடும் பால், தயிர், பன்னீரிலிருந்து பசும்பால் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் கலக்கிறது, அதுதான் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ‘பசும்பால் புரத ஒவ்வாமை’ என்றே எழுத வேண்டும். மருத்துவர் சொன்னால் தாய் அவற்றைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பார், பாலூட்டுவது தொடரும். நம் சொல்லைப் படித்து ஒருத்தி தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்குப் போனால், பசும்பாலில் செய்த பால்மாவையே அந்தக் குழந்தைக்குக் கொடுக்க நேரலாம்.

‘நோய்’ என்ற ஒட்டையும் பார்த்துப் போடுவோம். கக்கிவிட்டுச் சிரிக்கிற, எடை ஏறுகிற குழந்தைக்கு நோய் இல்லை. இது 4 மாத வாக்கில் அதிகமாகி, பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித் தானாக அடங்கும். எடை ஏறாமல், பால் குடிக்க மறுத்து, வலியில் துடித்தால்தான் ‘எதுக்களிப்பு நோய்’. பச்சை நிற வாந்தி, ரத்தம், ஒவ்வொரு முறையும் தூரத்தில் போய் விழும் வாந்தி – இவை வேறு கோளாறுகளின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லித் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

‘பால் பாய்ச்சலு’க்கு உங்கள் ஊர்ப் பெண்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுகிறேன்.