விசைத்தறித் தெருவில் அலுவலக வேலை: இரைச்சல் நீக்கும் வயர்லெஸ் ஹெட்போனில் எதைப் பார்த்து வாங்குவது?

நகரிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் வசிக்கிறேன். சென்னை அம்பத்தூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக, காப்பீட்டு வாடிக்கையாளர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் தொலைபேசியில் பேசுவது என் வேலை. பெரும்பாலான நாட்கள் வீட்டிலிருந்தே பணி செய்கிறேன். அலுவலகம் வரச் சொல்லும் நாட்களில் திருத்தணி வரை பேருந்திலும், அங்கிருந்து மின்சார ரயிலிலும் போய் வருகிறேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்துக்கும் நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்தான். மோட்டாரின் உறுமல் ஒரு பக்கம், ஊடுநூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடா இரு முனைகளிலும் மாறி மாறி அடிபடும் ஓசை இன்னொரு பக்கம் என்று, மின்சாரம் நிற்கும் வரை அது ஓயாது. வாடிக்கையாளர் பாலிசி எண்ணைச் சொல்லும்போது 'ஏழா, எட்டா' என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களோ, "ஏதோ மில்லுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறதே" என்கிறார்கள். தறிதான் இந்தத் தெருவின் சோறு; அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை. என் பக்கத்தில் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

சோனியின் எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5, போஸ் நிறுவனத்தின் குவயட்கம்ஃபர்ட் ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நான் மூக்குக்கண்ணாடியும் தோடும் அணிபவள். சித்திரை வெயிலில் நாள் முழுவதும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இவற்றில் எது தறி ஓசையை அடக்கும்? எதிர்முனையில் இருப்பவருக்கும் அந்த ஓசை கேட்காமல் இருக்குமா?

ஒலியமைப்பாளர், திருத்தணி

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்றுவிடுவதால் வாங்குபவர்களுக்குக் குழப்பம் வருகிறது. பெட்டியின் மேல் 'இரைச்சல் நீக்கும்' என்று பெரிய எழுத்தில் இருப்பது, உங்கள் காதுக்குள் வரும் வெளியோசையைக் குறைப்பதைத்தான் சொல்கிறது. உங்கள் குரலோடு கலந்து வாடிக்கையாளருக்குப் போகும் தறி ஓசையைக் குறைப்பது மைக்கின் பொறுப்பு. பேசிப் பிழைக்கும் வேலையில் இருக்கும் உங்களுக்கு, மைக்கைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் காதுப் பக்கம். ஹெட்போனின் வெளிப்புறத்திலும் உள்ளேயும் இருக்கும் சிறு மைக்குகள் சுற்றியுள்ள ஓசையை எடுக்க, உள்ளிருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. மேடும் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டும் அடங்குகின்றன. 100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு நூறு அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஓசையின் அலை நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர் என்பதால், எதிரலை துளி தாமதமாக வந்தாலும் பொருந்திவிடும். 5000 ஹெர்ட்ஸில் அலை நீளம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே சிறு பிசகும் காரியத்தைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரே சீராக இருக்கும் தாழ்ந்த ஓசைகளில்தான் இந்த நுட்பம் முழுத் திறமையைக் காட்டுகிறது. இதன் வரலாறும் அதையே சொல்கிறது: பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருத்து இது, அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதை ஹெட்போனில் கொண்டுவர எண்ணினார், 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்காக இத்தகைய ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் இரைச்சலை அடக்கப் பிறந்த கருவி, மின்விசிறி, ஏசி, ரயிலின் உறுமல், உங்கள் பக்கத்து வீட்டு மோட்டார் ஆகியவற்றை நன்றாகவே அடக்கும்.

நாடா அடிபடும் ஓசை அப்படிப்பட்டதன்று. அது சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவது, உயர்ந்த அதிர்வெண்கள் நிறைந்தது. அதைத் தடுப்பது காதுமெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பதிந்திருப்பதுதான். உறுமல் அடங்கிய பின் அந்த அடி முன்பைவிடத் தெளிவாகக் கேட்பது போலவும் தோன்றலாம். அதைக் கண்டு கருவி பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் கண்ணாடியும் தோடும் இங்கேதான் முக்கியமாகின்றன. கண்ணாடியின் காம்பு தடித்திருந்தால், காதுக்கு மேலே மெத்தை தூக்கிக்கொண்டு ஒரு சிறு சந்து உண்டாகும். அந்தச் சந்து வழியாக ஓசை நுழைவதோடு, தாழ்ந்த ஓசையை அடக்கும் திறனும் சரிந்துவிடும். மெல்லிய கம்பிக் காம்பு இருந்தால் பாதிப்பு குறைவு. தோட்டின் திருகாணி, மெத்தை அழுத்த அழுத்த மடலின் பின்புறத்தில் குத்தும். ஒரு மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். காதின் மேல் உட்காரும் வகையைத் தவிர்த்து, காதை முழுவதுமாக உள்ளே வாங்கிக்கொள்ளும் ஆழமான மெத்தை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வேலை நேரத்தில் தட்டையான சிறு தோடு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இனி மைக். நீங்கள் குறிப்பிட்ட எல்லா மாதிரிகளிலும் மைக் காதுக்கிண்ணத்திலேயே இருக்கிறது. வாயிலிருந்து அது தள்ளியே நிற்கும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் உயரும். தறி ஓசை இருந்த அளவிலேயே இருக்கும். வாயருகே நீளும் தண்டு மைக் உள்ள ஹெட்செட்டை அழைப்பு மையங்களில் விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஜாப்ரா நிறுவனத்தின் எவால்வ்2 85 என்ற மாதிரியில் இரைச்சல் நீக்கமும் உண்டு, காதை மூடும் மெத்தையும் உண்டு, மடக்கி வைக்கக்கூடிய தண்டு மைக்கும் உண்டு. பாலி நிறுவனத்தின் வாயேஜர் ஃபோகஸ் 2 என்பதும் நல்ல மைக் உள்ளதுதான், ஆனால் அது காதின் மேல் உட்காரும் வகை. உங்கள் தோட்டுக்கு ஆகாது.

எல்லைப் பயணி, பாறசாலை

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும் சோனி, போஸ் வகைகளை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிறேன். கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய் வருகிறேன். என்னிடம் இருப்பது சோனி எக்ஸ்எம்4. ரயிலின் இரைச்சலுக்கும் அலுவலக ஏசியின் இரைச்சலுக்கும் அது மிகச் சிறந்தது. எடை சுமார் 250 கிராம்தான், மடித்துப் பையில் வைக்கலாம், ஒரு முறை சார்ஜ் செய்தால் இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் வரும் என்று நிறுவனம் சொல்வது என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. 2022இல் வந்த எக்ஸ்எம்5 மடங்காது. 2025இல் வந்த எக்ஸ்எம்6இல் மடக்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பேருந்திலும் ரயிலிலும் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்களின் பேச்சை எந்த ஹெட்போனும் முழுவதுமாக மறைக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனிதக் குரல் சீரான ஓசையன்று. மெல்லிய மழை ஓசை போன்ற ஏதாவது ஒன்றைக் குறைந்த ஒலியளவில் ஓடவிட்டால், அந்தப் பேச்சின் சொற்கள் புரியாமல் மங்கிப்போகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு செய்தி, வாங்குகிற பலருக்குத் தெரியாதது. புளூடூத் ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது ஒலி ஒரு வழியில் வருகிறது. மைக்கைத் திறந்த உடனே கருவி வேறொரு வழிக்கு மாறிவிடுகிறது. அந்த அழைப்பு வழியில் ஒலி ஒற்றைத் தடமாகி, வினாடிக்கு 8000 அல்லது 16000 முறை மட்டுமே ஒலியை அளந்தெடுக்கும் தரத்துக்குச் சுருங்கும். இருபதாயிரம் ரூபாய் கருவி கூட்ட அழைப்பில் பழைய தொலைபேசி போல ஒலிப்பது இதனால்தான். 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைப் போக்குகிறது, ஆனால் ஹெட்போன், மடிக்கணினி இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். அது இல்லாதவர்கள், ஒலி கேட்பதற்கு ஹெட்போனையும் பேசுவதற்கு வேறொரு கம்பி மைக்கையும் கணினி அமைப்புகளில் தனித்தனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் சிறிய யுஎஸ்பி மைக் போதும். என் கருத்துப்படி நகரிவாசிக்கு எக்ஸ்எம்4 போன்ற ஒன்றும் அந்தச் சிறு மைக்கும் சேர்ந்தால் பயணத்துக்கும் ஆயிற்று, வேலைக்கும் ஆயிற்று.

ஒலியமைப்பாளர், திருத்தணி

காலர் மைக் அமைதியான அறையில் நன்றாக வேலை செய்யும், நண்பரே. எல்லாத் திசையிலிருந்தும் ஓசையை வாங்கும் மைக்குகளே அந்த வகையில் மிகுதி. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் பயன்படுத்தினால் அது தறி ஓசையையும் சேர்த்தே வாங்கும். தண்டு மைக் வாயோரத்தில் நிற்பதன் பலன் அதில் கிடைக்காது.

தறிக்காரர், நகரி

வணக்கம் அம்மா. நானும் நம் ஊர்தான்; தறியோடு முடி நரைத்தவன். ஹெட்போனைப் பற்றி மேலே படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். தறியின் அடி காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறது. உங்கள் மேசை அந்தப் பொதுச் சுவரை ஒட்டி இருந்தால், மேசைப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியும் கையில் தெரியும். தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்தால் நீர்மட்டத்தில் வளையம் வளையமாக எழும். மடிக்கணினியின் மைக்கைப் பயன்படுத்தினால் அந்த அதிர்வும் சேர்ந்து போகும். மேசையைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி எதிர்ப்பக்கம் போட்டு, அதன் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை வையுங்கள். கதவின் அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் பக்குவமாகப் பேசி, அவர்கள் தறிக் காலுக்கு அடியிலும் ரப்பர்ப் பட்டை வைக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுச் சுவருக்கும் அது நல்லதுதான்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். தறி ஓசையை மீறிக் கேட்க வேண்டும் என்று ஹெட்போனின் ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். தறிக்கூடத்துக்குள் ஓசை 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். எங்கள் தலைமுறையில் பலர் மற்றவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபெல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வேலை நேரம் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது. இரைச்சல் நீக்கும் கருவியின் உண்மையான பயன், ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டே பேச்சைத் தெளிவாகக் கேட்க முடிவதுதான். சிறு வயதில் காதைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

நகரிவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேசையைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்தி எதிர்ப்பக்கம் போட்டுவிட்டேன் ஐயா. பலகையின் நடுக்கம் உடனே குறைந்தது. தண்டு மைக் உள்ளதையே வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். பயணத்துக்கு இப்போதைக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். இன்னும் இரண்டு ஐயங்கள். அலுவலக மடிக்கணினியில் யுஎஸ்பி துளைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஹெட்செட்டோடு வரும் டாங்கிள் என்ற சிறு யுஎஸ்பி இணைப்புக் கருவி அதில் வேலை செய்யுமா? வியர்வைக்கு எந்த மெத்தை நல்லது?

ஒலியமைப்பாளர், திருத்தணி

அலுவலகங்கள் வழக்கமாகப் பூட்டுவது பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவிகளைத்தான். டாங்கிள் தன்னை ஒலிக்கருவியாகவே கணினிக்குக் காட்டிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் தடை இருக்காது. எனினும் வாங்குமுன் உங்கள் கணினிப் பிரிவிடம் மாதிரியின் பெயரைச் சொல்லி எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். டாங்கிள் வழியாக இணைப்பது, மடிக்கணினியின் சொந்தப் புளூடூத்தைவிட அழைப்புகளில் நிலையாக இருக்கும்.

மெத்தையைப் பொறுத்தவரை, துணி மெத்தையில் வியர்வை குறைவு, ஆனால் அதன் வழியே ஓசை கசியும். செயற்கைத் தோல் நன்றாக அடைக்கும், ஆனால் நம் பக்கத்து வெயிலில் வியர்வை ஊறி நாளடைவில் செதில் செதிலாக உரியும். உங்களுக்கு அடைப்புதான் முக்கியம், எனவே தோல் வகையே சரி. வேலை முடிந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, மெத்தைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி வையுங்கள். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாதிரியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படிப்பட்டதை மட்டும் வாங்குங்கள்.

பேசும்போது உங்கள் குரலையே சற்று உங்கள் காதுக்குத் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், காது அடைபட்ட நிலையில் நம்மை அறியாமல் உரக்கப் பேசிப் பேசி மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். ஜூம், டீம்ஸ் இரண்டிலும் பின்னணி ஓசையைக் குறைக்கும் அமைப்பு உண்டு. உங்கள் நிறுவனத்தின் அழைப்பு மென்பொருளிலும் இருந்தால் அதை இயக்கி வையுங்கள், ஆனால் உச்ச அளவில் வைத்தால் குரலின் ஓரங்களையும் வெட்டிவிடும், எண்களைச் சொல்லும்போது அது இடைஞ்சல்.

திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தறி முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியையும் தோட்டையும் போட்டுக்கொண்டே, ஒன்று முதல் இருபது வரை தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிப் பதிவு செய்து அதை வேறொரு ஊரில் இருப்பவருக்கு அனுப்புங்கள். அவர் எல்லா எண்களையும் சரியாகத் திரும்ப எழுதி அனுப்பினால் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் காலக்கெடுவுக்குள் திருப்பிவிடுங்கள்.