ஸ்டப் (போலி பதில்) லிஸ்ட்ல மூணு பதில்தான் இருக்கு, கால் கவுண்ட் (எத்தனை தடவை கூப்பிட்டுச்சுங்கற எண்ணிக்கை) 6 காட்டுது, ஏன்?

கேள்வி:
வணக்கம் மக்களே, பைத்தான்ல யூனிட் டெஸ்ட் எழுதுறேன், ரெண்டு நாளா மண்டை காயுது. பேமென்ட் ஸ்டேட்டஸ் கேக்குற ஒரு ஃபங்ஷன் இருக்கு, டைம்அவுட் ஆனா 2 செகண்ட் தூங்கிட்டு திரும்ப கேக்கும், மொத்தம் 5 தடவை. மொதல்ல மாக்ல (நிஜ ஃபங்ஷனுக்கு பதிலா டெஸ்ட்ல வைக்குற போலி) ரிட்டர்ன் வேல்யூ வச்சேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதே பதில்தான் வருது, அதனால ஒவ்வொரு தடவையும் வரிசையா ஒரு பதில் வரணும்னு மாக்கோட சைட் எஃபெக்ட்ல லிஸ்ட் குடுத்தேன்: டைம்அவுட்எரர், டைம்அவுட்எரர், அப்புறம் சக்சஸ். மூணாவது தடவை சக்சஸ் வரணும்ல, ஆனா என் கோடு ஃபெயில்னு திருப்புது, டெஸ்ட் ஓட 10 செகண்ட் ஆகுது, கால் கவுண்ட் 6. லூப்பே 5 தடவைதானே?

பதில் 1:
அந்த 6 தான் துப்பு நண்பா. லிஸ்ட் தீர்ந்தப்புறமும் கூப்பிட்டா மாக் ஸ்டாப்இட்டரேஷன்னு (இனி பதில் இல்லைங்கற) ஒரு எரரை எறியும், அதுவும் எக்செப்ஷனோட (சாதாரண எரர்களுக்கு பொதுவான வகை) வாரிசுதான், நீங்க "எக்செப்ட் எக்செப்ஷன்"னு மொத்தமா பிடிச்சிருந்தா அதையும் டைம்அவுட் மாதிரியே முழுங்கிட்டு அடுத்த ரவுண்டு போயிடும். ட்ரை உள்ள இன்னொரு இடத்துல, மாக் வச்ச அதே ஃபங்ஷனை கூப்பிடுறீங்களா பாருங்க.

கேட்டவர்:
அய்யோ ஆமா அண்ணா!! சக்சஸ் வந்ததும் லாக் எழுதுற வரியில வேரியபிளை போடாம ஸ்டேட்டஸ் ஃபங்ஷனையே திரும்ப கூப்பிட்டிருக்கேன். நாலாவது கால் அதுதான், அங்க வெடிச்சு மிச்ச ரெண்டு ரவுண்டும் வீணா போயிருக்கு.

பதில் 1:
அப்போ நிஜத்துலயும் ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஒரு கால் எக்ஸ்ட்ரா போயிட்டு இருந்திருக்கு, டெஸ்ட் நல்லா காட்டிக்குடுத்துச்சு. லிஸ்டை நீட்டி சமாளிச்சுடாதீங்க ப்ளீஸ், கோடை சரி பண்ணுங்க. எக்செப்ட்ல டைம்அவுட்எரர் மட்டும் போடுங்க, ஸ்லீப்பையும் பேட்ச் பண்ணி போலியா மாத்திடுங்க, டெஸ்ட் நெஜமா தூங்கணும்னு அவசியமே இல்ல.

பதில் 2:
நான் ஜாவா ஆளு, மாக்கிட்டோல (ஜாவாவுக்கான மாக் லைப்ரரி) தென்ரிட்டர்ன்ல வரிசையா குடுத்தா கடைசி பதில் அப்படியே ரிப்பீட் ஆகிட்டே இருக்கும், அங்க இந்த பக் சத்தமே இல்லாம பாஸ் ஆயிருக்கும். அதனால எத்தனை தடவை கூப்பிட்டுச்சுன்னு வெரிஃபை டைம்ஸ் போட்டு தனியா பாக்குறதை நான் விடவே மாட்டேன்.

பதில் 3:
பைத்தான்ல இன்னொரு குழி இருக்கு, நான் விழுந்து எழுந்தது. கால் ஆர்க்ஸ் லிஸ்ட் (ஒவ்வொரு தடவையும் என்ன அனுப்பினோம்னு மாக் வச்சுக்குற பதிவு) ஆர்க்யுமென்ட்டை காப்பி எடுக்காது, ரெஃபரன்ஸை (அதே பொருளை காட்டுற சுட்டி) மட்டும்தான் வச்சுக்கும். ஒரே டிக்‌ஷனரில அட்டெம்ப்ட் நம்பரை 1, 2, 3ன்னு மாத்தி மாத்தி அனுப்பினா கடைசில பாக்கும்போது மூணு காலுமே 3ன்னு காட்டும். சைட் எஃபெக்ட்ல லிஸ்டுக்கு பதிலா ஒரு ஃபங்ஷன் குடுத்து அதுக்குள்ள காப்பி எடுத்து வச்சுக்கங்க. ஆர்டர் ஐடி பாத்து வேற வேற பதில் குடுக்கணும்னாலும் அதுலயே முடிச்சுக்கலாம்.

கேட்டவர்:
மாத்திட்டேன், கால் கவுண்ட் 3, டெஸ்ட் கண்ணிமைக்கிற நேரத்துல முடியுது. டிக்‌ஷனரி விஷயமும் இப்பவே பாத்துடுறேன், நானும் ஒரே டிக்‌ஷனரியைத்தான் அனுப்பிட்டு இருக்கேன். ரொம்ப நன்றி எல்லாருக்கும்.